ஏப்ரலில் பனிப்புயலா? பெருஞ்சமவெளியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராக்கி மலைக்குக் கிழக்கே, கனடா எல்லையிலிருந்து டெக்சாஸ் வரை இறங்கும் அமெரிக்கப் பெருஞ்சமவெளிக்கு, அதாவது இரண்டு டகோட்டாக்கள், நெப்ராஸ்கா, கான்சஸ், கிழக்குக் கொலராடோ பக்கம், வேலை மாற்றி வரும் நம்மவர்கள் முதல் வருடம் முழுக்க ஜனவரிக்குத்தான் பயப்படுவார்கள். மார்ச் நடுவில் ஒரு நாள் 70 டிகிரி பாரன்ஹீட் அடித்ததும் ஜாக்கெட்டையெல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுவார்கள். அடுத்த வாரமே போனில் "விண்டர் ஸ்டார்ம் வாட்ச்" வந்து நிற்கும். அப்போது வருகிற கேள்விகள் இவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை இன்ச் விழும்?" என்றுதான். மார்ச், ஏப்ரல் புயல்களில் அந்த எண்ணைத்தான் கடைசியாக நம்ப வேண்டும். காற்று எவ்வளவு, மழை எந்த மணிக்குப் பனியாக மாறுகிறது என்ற இரண்டையும் முதலில் பாருங்கள்.

வசந்தம் வந்த பிறகு பனிப்புயல் வருவது அபூர்வமா?

இல்லை. டென்வரின் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தால், சராசரியாக அதிகப் பனி விழும் மாதம் டிசம்பரோ ஜனவரியோ அல்ல, மார்ச். 2003 மார்ச் 17 முதல் 19 வரை அங்கே 31.8 இன்ச் விழுந்தது. 2021 மார்ச் நடுவில் 27.1 இன்ச். ஏப்ரலும் சளைத்ததில்லை. 2018 ஏப்ரல் நடுவில் நெப்ராஸ்கா, தெற்கு டகோட்டா வழியாகப் போன புயல் மினியாபொலிஸ் போய்ச் சேர்ந்து அங்கே 15.8 இன்ச் கொட்டியது. ஏப்ரல் புயல்களில் அந்த ஊருக்கு அதுதான் உச்சம். 2022 ஏப்ரல் 12 முதல் 14 வரை வடக்கு டகோட்டாவின் மைனாட் வட்டாரத்தில் மூன்றடி அளவுக்குப் பனி. 2017இல் மேற்குக் கான்சஸில் பிளிஸர்ட், அதாவது பலத்த காற்றோடு பனிப்புயல், அடித்தது ஏப்ரல் 30ஆம் தேதி. மறுநாள் மே பிறந்துவிட்டது.

உண்மையில் நடுக்குளிர்காலத்தைவிட இந்தச் சமயத்துப் புயல்தான் பெரும்பாலும் கனமானது. ஜனவரியில் காற்று உறைந்துபோய் வறண்டு கிடக்கும். அதில் ஈரம் தங்காது. ஏப்ரலில் தெற்கே நல்ல ஈரம், வடக்கே இன்னும் குளிர். இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்துக்கொள்கின்றன.

இந்தப் புயல் எப்படி உருவாகிறது? கடல்தான் பக்கத்தில் இல்லையே?

வங்கக்கடல் புயலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். அங்கே புயலுக்குச் சக்தி சூடான கடல்நீரிலிருந்து வருகிறது. கரையேறியதும் அது செத்துவிடும். இங்கே கதை வேறு. சூடான காற்றுக்கும் குளிர்ந்த காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாடுதான் இந்தப் புயலின் தீனி. அதனால் தரை நடுவிலேயே பிறந்து, தரை மேலேயே வலுத்துக்கொண்டு போகும்.

பசிபிக்கிலிருந்து கிளம்பும் மேல்மட்டக் காற்றலை ஒன்று கலிபோர்னியா வழியாகவோ ஓரிகான் வழியாகவோ உள்ளே வந்து ராக்கி மலையைத் தாண்டுகிறது. மலைக்கு மேல் நசுங்கிக் கிடந்த காற்று, கிழக்குச் சரிவில் இறங்கும்போது செங்குத்தாக நீள்கிறது. நீளும்போது அதன் சுழற்சி வேகம் கூடும். தென்கிழக்குக் கொலராடோவில் ஒரு தாழ்வழுத்தம் முளைக்கிறது. வானிலைக்காரர்கள் இதை "கொலராடோ லோ" என்பார்கள்.

முளைத்ததும் அது மூன்று பக்கமிருந்தும் இழுக்க ஆரம்பிக்கும். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக் காற்று டெக்சாஸ் வழியாக மேலேறும். கனடாவிலிருந்து குளிர்காற்று இறங்கும். தென்மேற்குப் பாலைவனத்திலிருந்து வறண்ட காற்று நடுவில் புகும். ஈரக் காற்று குளிர்காற்றின் மேல் ஏறி, மையத்தைச் சுற்றிக்கொண்டு வடமேற்குப் பக்கம் திரும்புகிறது. கனத்த பனி அந்தப் பகுதியில்தான். சாட்டிலைட் படத்தில் கால்புள்ளி மாதிரி ஒரு மேகம் தெரியுமே, அதன் தலைப்பாகம்.

இதையே கனடாவின் ஆல்பர்ட்டாவிலிருந்து விரைந்து இறங்கும் "கிளிப்பர்" புயலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கிளிப்பரில் ஈரம் கம்மி. இரண்டு மூன்று இன்ச் தூவிவிட்டுப் போய்விடும்.

டிவியில் "பாம் சைக்ளோன்" என்று அலறுகிறார்களே?

அலறலுக்காகக் கண்டுபிடித்த பேர் இல்லை. மையத்தின் அழுத்தம் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 24 மில்லிபார் இறங்கினால் அப்படிச் சொல்கிறார்கள். 1980இல் ஃபிரெட் சாண்டர்ஸ், ஜான் கியாகும் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையிலிருந்து நிலைத்த சொல் அது. நம் அட்சரேகையில் 24 கூட வேண்டாம், அதைவிடக் குறைந்த இறக்கமே போதும்.

2019 மார்ச் 13ஆம் தேதி வந்ததுதான் சமவெளி கண்ட பெரிய உதாரணம். தென்கிழக்குக் கொலராடோவில் அழுத்தம் 970 மில்லிபாரை ஒட்டி இறங்கியது. வங்கக்கடலில் ஒரு தீவிரப் புயலின் மையத்தில் இருக்கும் அளவு அது. கொலராடோ ஸ்பிரிங்ஸ் விமான நிலையத்தில் மணிக்கு 95 மைலைத் தாண்டிய காற்று வீசியது. டென்வரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. நூற்றுக்கணக்கானோர் நடுரோட்டில் வண்டியோடு மாட்டிக்கொண்டார்கள். காலையில் அலுவலகம் கிளம்பும்போது டென்வரில் வெறும் மழை. மதியத்துக்குள் எதிரில் இருக்கும் கட்டடமே தெரியவில்லை.

எவ்வளவு பனி விழுந்தால் பிளிஸர்ட்?

பனியின் அளவுக்கும் பிளிஸர்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்க அரசின் வானிலைத் துறையான நேஷனல் வெதர் சர்வீஸ் வைத்திருக்கும் அளவுகோல் இது: மணிக்கு 35 மைல் அல்லது அதற்கு மேல் காற்று அல்லது அடிக்கடி வீசும் வீச்சு, பனி பறப்பதால் பார்வை கால் மைலுக்குக் கீழே, இரண்டும் சேர்ந்து மூன்று மணி நேரம் நீடிக்க வேண்டும். அவ்வளவுதான். வானம் நீலமாக இருந்து, முந்தின நாள் விழுந்த பனியைக் காற்று வாரி அடித்தாலும் அது பிளிஸர்ட்தான். "கிரவுண்ட் பிளிஸர்ட்" என்பார்கள்.

இதனால்தான் "மூணு இன்ச்தானே" என்று கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீர் என்கிறது. காற்றில்லாமல் எட்டு இன்ச் விழுந்தால் மெதுவாக வண்டி ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம். 50 மைல் காற்றோடு மூன்று இன்ச் என்றால் சொந்த பானெட்டின் முனை தெரியாது.

வாட்ச், வார்னிங், அட்வைசரி: எதற்கு என்ன செய்ய வேண்டும்?

வாட்ச் என்றால் வர வாய்ப்பிருக்கிறது, பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் முன்னால் போடுவார்கள். கடைக்குப் போவது, பெட்ரோல் நிரப்புவது, பயணத்தைத் தள்ளிப்போடுவது எல்லாம் இந்தக் கட்டத்தில் முடிய வேண்டும். வார்னிங் என்றால் வந்தேவிட்டது அல்லது வருவது உறுதி. சமவெளியில் பொதுவாக 12 மணி நேரத்தில் 6 இன்ச் அல்லது 24 மணி நேரத்தில் 8 இன்ச் எதிர்பார்த்தால் விண்டர் ஸ்டார்ம் வார்னிங் போடுவார்கள். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். அட்வைசரி அதற்கு ஒரு படி கீழே: தொந்தரவு உண்டு, பார்த்துப் போகலாம்.

வார்னிங் வந்த பிறகு கடைக்கு ஓடினால் ரொட்டி அலமாரி காலியாகத்தான் இருக்கும்.

திங்கள்கிழமை மேப்பில் 18 இன்ச் காட்டியது. வியாழன் வந்தால் 3 இன்ச் என்கிறார்கள். இவர்களை எப்படி நம்புவது?

அந்தத் திங்கள்கிழமை மேப் யார் போட்டது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அது வானிலை அலுவலகம் வெளியிட்டதாக இருக்காது. வானிலையைக் கணிக்கும் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் மாடலின் ஒரே ஒரு ஓட்டத்தை எடுத்து, ஊதாவும் சிவப்புமாக வண்ணம் பூசி யாரோ வாட்ஸப்பில் சுற்றவிட்டிருப்பார்கள். அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ்., ஐரோப்பிய மாடல், கனடிய மாடல் எல்லாம் ஒரு நாளைக்குப் பல முறை ஓடுகின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு முறையும் வேறு கதை சொல்லும். நடுவில் இருப்பவன் 18ஐ மட்டும் பொறுக்கி எடுத்து அனுப்புவான். 3 இன்ச் மேப்பை யார் அனுப்பப் போகிறார்கள்?

இது மனிதக் கோளாறு. இயற்கையிலேயே மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

ஒன்று, ஐந்து நாள் முன்னால் அந்தக் காற்றலை பசிபிக் நடுவில் இருக்கிறது. அங்கே சாட்டிலைட் உண்டு, ஆனால் வானிலை பலூன் கிடையாது. காற்றலை கரையேறிய பிறகுதான், தினம் இரண்டு வேளை விடும் பலூன்கள் அதை நேரடியாக அளக்கும். புயலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கணிப்பு திடீரென்று ஒரு பக்கம் சாய்வது இதனால்தான். 2025 மார்ச்சில் ஆள் பற்றாக்குறையால் நெப்ராஸ்காவின் ஒமாஹாவிலும் தெற்கு டகோட்டாவின் ரேபிட் சிட்டியிலும் பலூன் விடுவதை நிறுத்திவைத்தார்கள். இரண்டுமே புயல் பாதையில் இருக்கும் ஊர்கள். வானிலைக்காரர்கள் கொதித்ததில் ஆச்சரியமில்லை.

இரண்டு, கனத்த பனி விழும் பட்டை ஒடுக்கமானது. அகலம் சில பத்து மைல்தான். பாதை 50 மைல் தெற்கே நகர்ந்தால் ஒமாஹாவுக்கு விழ வேண்டியது கான்சஸ் எல்லைக்குப் போய்விடும். மேலே சொன்ன வறண்ட காற்று உங்கள் ஊருக்கு மேல் புகுந்துவிட்டால் மேகமே கிழிந்துபோய், நடுப்புயலில் வெயில் எட்டிப் பார்க்கும்.

மூன்றாவதுதான் பின்பருவத்துக்கே உரிய தலைவலி. வெப்பம் சரியாக உறைநிலையை ஒட்டி ஊசலாடிக்கொண்டிருக்கும். 34 டிகிரி பாரன்ஹீட்டில் மழை, 32இல் பனி. ஒரு இன்ச் தண்ணீர் வானத்திலிருந்து விழப்போகிறது என்பதைக் கணிப்பாளர் சரியாகவே சொல்லியிருப்பார். அந்த ஒரு இன்ச் கடுங்குளிரில் 15 இன்ச் பொங்குபனியாக விழலாம், சாதாரணமாகப் பத்து, ஏப்ரலின் ஈரப்பனியாக இருந்தால் ஐந்து ஆறு, இரண்டு டிகிரி கூடினால் வெறும் மழை. கணிப்பில் பிசகியது இரண்டு டிகிரிதான். உங்கள் முற்றத்தில் பார்த்தால் பத்து இன்ச் வித்தியாசம்.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது?

நேஷனல் வெதர் சர்வீஸின் இணையதளத்தில் உங்கள் ஊர் ஜிப் கோடைப் போடுங்கள். உள்ளூர் அலுவலகம் குளிர்காலத்துக்கென்று தரும் பக்கத்தில் மூன்று எண்கள் இருக்கும்: எதிர்பார்ப்பது, குறைந்தபட்சம் இவ்வளவாவது, மோசமாகப் போனால் இவ்வளவு. குறைந்தபட்சம் 1, மோசமானால் 14 என்று இருந்தால், நடுவில் இருக்கும் 6 என்ற எண்ணுக்கு ஒரு மதிப்பும் இல்லை. கணிப்பாளருக்கே இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். 5, 7, 9 என்று நெருங்கி வந்துவிட்டால் நம்பலாம்.

அதே தளத்தில் "ஃபோர்காஸ்ட் டிஸ்கஷன்" என்று ஒரு பகுதி உண்டு. பணியில் இருக்கும் கணிப்பாளர் கைப்பட எழுதுவது. எந்த மாடலை நம்புகிறேன், எங்கே சந்தேகம், மழை எப்போது பனியாக மாறும் என்றெல்லாம் வெளிப்படையாக எழுதியிருப்பார். கொஞ்சம் கலைச்சொல் இருக்கும், நாலு தடவை படித்தால் பழகிவிடும். போனோடு வரும் ஆப்பில் இருக்கும் பனித்துகள் படத்தைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

கான்சஸில் பனிப்புயல், அதே நாளில் டெக்சாஸில் டொர்னாடோ. இரண்டும் தனித்தனியா?

ஒரே புயலின் இரண்டு பக்கங்கள். வடமேற்கில் பனி என்றால், தென்கிழக்கில் வளைகுடாவின் வெதுவெதுப்பான ஈரக் காற்று. அங்கே இடிமேகம் வெடிக்கும். 2017 ஏப்ரல் 29ஆம் தேதி டெக்சாஸின் கேன்டன் வட்டாரத்தில் டொர்னாடோக்கள் அடித்து உயிர்ச்சேதம் ஆனது. அதே அமைப்புதான் அன்றிரவும் மறுநாளும் மேற்குக் கான்சஸைப் பனியில் மூடியது. உறவினர் ஒருவர் டாலஸிலும் நீங்கள் நெப்ராஸ்காவிலும் இருந்தால், இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் போன் அலறும். பனி விழும்போதே இடி இடிப்பதும் உண்டு. அது கேட்டால் மணிக்கு இரண்டு மூன்று இன்ச் வேகத்தில் விழுந்துகொண்டிருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் பனி ஒரே நாளில் உருகிவிடுமே, எதற்கு வழிக்க வேண்டும்?

பாதி உண்மை. ஏப்ரல் நடுவில் சூரியன் நிற்கும் உயரமும் ஆகஸ்ட் கடைசியில் நிற்கும் உயரமும் ஒன்றுதான். பகலில் விழும் பனி தார்ரோட்டில் ஒட்டாமல் கரைந்துகொண்டே இருக்கும். ஆனால் ராத்திரி விழுந்தால் ஒட்டும். பகலில் கரைந்த தண்ணீர் ராத்திரி கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். அதனால்தான் மழை எத்தனை மணிக்குப் பனியாக மாறுகிறது என்பதைப் பாருங்கள் என்று சொன்னேன். காலை பத்து மணிக்கு மாறினால் ஒரு கதை, இரவு பத்து மணிக்கு மாறினால் வேறு கதை.

வழிக்க வேண்டிய நிலை வந்தால் எடையை மனதில் வையுங்கள். 20 அடிக்கு 20 அடி டிரைவ்வே என்று எடுத்துக்கொள்வோம். அதன் மேல் ஒரு இன்ச் தண்ணீருக்குச் சமமான பனி கிடந்தால் மொத்தம் சுமார் 940 கிலோ. ஏறக்குறைய ஒரு டன்னை மண்வாரியால் தள்ளப் போகிறீர்கள். பனி வழிக்கும்போது மாரடைப்பில் போகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, பிபி இருப்பவர்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு 20 டாலர் கொடுத்துவிடுங்கள். நீங்களே செய்வதானால் பாதி விழுந்ததும் ஒரு முறை, நின்றதும் ஒரு முறை. தூக்கி எறியாமல் தள்ளுங்கள்.

மரத்துக்கும் இதே எடைதான். துளிர்விட்ட மரத்தின் இலையெல்லாம் பனியைப் பிடித்துக்கொள்ளும், கிளை முறிந்து மின்கம்பியில் விழும். பின்பருவப் புயலில் கரண்ட் போவதற்கு முதல் காரணம் இது.

கரண்ட் போனால்?

ஹீட்டர் கேஸில் ஓடுகிறது, கவலையில்லை என்று நினைப்பவர்கள் பலர். அதன் ஃபேனும் சுவிட்சும் கரண்டில்தான் ஓடுகின்றன. கரண்ட் இல்லையென்றால் சூடும் இல்லை. ஒரே அறையில் எல்லாரும் கூடி, கதவிடுக்கில் துண்டு வைத்து அடைத்துக்கொள்ளுங்கள். கேஸ் அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்துச் சமைக்கலாம். வீட்டைச் சூடாக்க அதை எரியவிட்டுவிட்டு உட்காரக் கூடாது. கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. ஜெனரேட்டர் கராஜுக்குள் வேண்டாம், கதவு திறந்திருந்தாலும் வேண்டாம். வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று புயலுக்கு முன்பே பட்டனை அழுத்திப் பாருங்கள்.

ரோட்டை ஏன் அடைக்கிறார்கள்? நான் மெதுவாகப் போவேனே?

ஐ-70, ஐ-80, ஐ-90, ஐ-94 என்ற இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகள் எல்லாவற்றிலும் நுழையும் இடத்தில் ரயில்வே கேட் மாதிரி தடுப்பு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது சும்மா வைத்ததில்லை. ஒரு லாரி குறுக்கே நின்றால் பின்னால் மைல்கணக்கில் வண்டிகள் மாட்டும், மீட்க வருகிற பனி தள்ளும் வண்டியும் மாட்டும். அடுத்த ஊரில் ஹோட்டல் அறைகள் நிரம்பிவிட்டால், அறை காலியிருக்கும் ஊருக்கு முன்பே கேட்டை இறக்கிவிடுவார்கள்.

இன்னொரு விஷயம். இன்டர்ஸ்டேட் அடைத்திருந்தால் போன் மேப் உடனே ஒரு சந்துவழி காட்டும். அது கவுண்டியின் சரளைக்கல் ரோடாக இருக்கும். அங்கே பனி வழிக்க யாரும் வரமாட்டார்கள், சிக்னலும் இருக்காது. இன்டர்ஸ்டேட்டே அடைத்திருக்கிறது என்றால் அந்த ரோடு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ரோடு நிலவரம் சொல்லும் 511க்குப் போன் செய்து கேளுங்கள்.

மீறி மாட்டிக்கொண்டால் வண்டியை விட்டு இறங்காதீர்கள். எதிரில் பண்ணை வீட்டு விளக்கு தெரிகிறது என்று நடந்து போய் வழி தவறியவர்கள் கதை இந்த ஊரில் ஏராளம். புகைக்குழாயைச் சுற்றிப் பனியைத் தள்ளிவிட்டு, மணிக்குப் பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டுங்கள். காற்றடிக்காத பக்கத்துக் கண்ணாடியைச் சிறிது இறக்கி வையுங்கள். ஆன்டெனாவில் பளிச்சென்ற துணி ஏதாவது கட்டுங்கள்.

காற்று ஏன் இவ்வளவு என்றால், தடுக்க ஒன்றுமில்லை. தூசிப்புயல் காலத்தில், 1934இல், ரூஸ்வெல்ட் அரசு டகோட்டாவிலிருந்து டெக்சாஸ் வரை பண்ணை ஓரங்களில் மரவரிசை நடத் தொடங்கியது. 1942க்குள் சுமார் 22 கோடி மரங்கள். அவை காற்றைத் தடுத்தன, பனியையும் பிடித்து நிறுத்தின. பெரிய இயந்திரங்கள் வந்த பிறகு வயலை விரிக்க நிறைய வரிசைகளை வெட்டிவிட்டார்கள்.

மாடு வளர்ப்பவர்கள் ஏன் இந்தப் புயலுக்கு இவ்வளவு பதறுகிறார்கள்?

கன்று போடும் காலம் இது. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை பண்ணைகளில் தினமும் கன்று விழும். காய்ந்த உடம்போடு இருக்கும் கன்று, வயிற்றில் சீம்பாலும் இருந்தால், நல்ல குளிரையும் தாங்கிவிடும். தாய் நக்கி உலர்த்துவதற்குள் ஈரப்பனியும் காற்றும் சேர்ந்து அடித்தால் சில மணி நேரத்தில் போய்விடும். அதனால் 10 டிகிரி வறண்ட குளிரைவிட 33 டிகிரி மழையும் பிறகு பனியும் வந்தால் பண்ணைக்காரருக்குக் கிலி. ராத்திரி முழுக்க இரண்டு மணிக்கொரு தடவை டார்ச்சோடு சுற்றி வருவார்கள். விறைத்துக் கிடக்கும் கன்றைத் தூக்கி பிக்கப் வண்டியில், ஹீட்டர் காற்று அடிக்கும் கால்மாட்டில் போட்டுக் கொண்டுவருவார்கள். வீட்டுக் குளியல் தொட்டியில் வெந்நீரில் உட்காரவைத்து, துவட்டி, சீம்பால் புகட்டி மறுபடி தாயிடம் விடுவார்கள். பிழைத்த கன்றுகளில் சிலவற்றுக்குக் காது நுனி உறைந்து உதிர்ந்து, மொட்டைக் காதோடு வளரும்.

பெரிய மாடுகளுக்கு ஆபத்து வேறு விதம். காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துகொண்டே இருக்கும். வேலியின் மேல் பனி மேடாகி மூடிவிட்டால் அதன் மேலேயே ஏறி நடந்து போய்ப் பள்ளத்திலோ குட்டையிலோ விழும். 2013 அக்டோபரில் தெற்கு டகோட்டாவில், மாடுகளுக்குக் குளிர்கால ரோமம் வளர்வதற்கு முன்பே வந்த புயலில் பல்லாயிரம் மாடுகள் செத்தன. வசந்தத்திலும் இதே நிலை: ரோமம் உதிரத் தொடங்கியிருக்கும்.

இத்தனைக்கும் புயல் வேண்டாம் என்று அவர்களால் சொல்லவும் முடியாது. 2022 ஏப்ரல் புயல் வந்தபோது வடக்கு டகோட்டா கடும் வறட்சியில் இருந்தது. கன்றுகளைக் கொன்ற அதே பனிதான் குட்டைகளை நிரப்பிப் புல்லை முளைக்க வைத்தது.

கோதுமை?

கான்சஸ் கோதுமை செப்டம்பர், அக்டோபரில் விதைத்துக் குளிரில் உறங்கி வசந்தத்தில் எழும் பயிர். சின்னதாக, கொழுந்து மண்ணுக்குள் இருக்கும்வரை 12 டிகிரியைக்கூடத் தாங்கும். கணு விட்டு மேலே வந்துவிட்டால் 24 டிகிரியில் இரண்டு மணி நேரம் போதும், சேதம். கதிர் பொதியும் கட்டத்தில் 28 டிகிரியே ஆகாது. பனி போர்வையாகக் கிடந்தால் பயிருக்கு அது காப்பு. பனியில்லாத உறைகுளிர்தான் எதிரி. ஆனால் 2017இல் மேற்குக் கான்சஸில் பயிர் முழங்காலைத் தாண்டி நிற்கும்போது ஓரடிக்கு மேல் ஈரப்பனி காற்றோடு வந்து அப்படியே சாய்த்துப் படுக்கவைத்தது. தண்டு மடங்கியது நாளடைவில் நிமிர்ந்தது, ஒடிந்தது போனது. எது மடங்கியது, எது ஒடிந்தது என்று பனி உருகி ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் தெரிய வரும்.

புயல் போய்விட்டது. இனி நிம்மதிதானே?

ஆறு பக்கம் வீடு என்றால் இல்லை.

1996-97 குளிர்காலத்தில் வடக்கு டகோட்டாவின் ஃபார்கோவில் 117 இன்ச் பனி. ஏப்ரல் முதல் வாரம் உருகத் தொடங்கிய நேரத்தில் இன்னொரு பிளிஸர்ட். ரெட் ரிவர் வடக்கு நோக்கி ஓடும் ஆறு. தெற்கே உருகும்போது வடக்கே இன்னும் உறைந்து கிடக்கும், தண்ணீர் போக இடமிருக்காது. அதன் கரையில் இருக்கும் கிராண்ட் ஃபோர்க்ஸில் 49 அடி வரும் என்றார்கள். ஊரே மணல்மூட்டை அடுக்கியது. வந்தது 54 அடிக்கும் மேல். சுமார் ஐம்பதாயிரம் பேர் ஊரைக் காலி செய்தார்கள். ஏப்ரல் 19ஆம் தேதி, வெள்ளத்தில் நின்ற நகர மையத்தில் தீப்பிடித்து 11 கட்டடங்கள் எரிந்தன. இடுப்பளவு தண்ணீரில் தீயணைப்பு வண்டி போக முடியவில்லை.

2019இல் நெப்ராஸ்கா. மேலே சொன்ன அதே மார்ச் 13 புயலின் மழைப்பக்கம். தரை இரும்பாக உறைந்திருந்தது, மேலே பழைய பனி. அதன் மேல் மழை. ஒரு சொட்டுகூட மண்ணுக்குள் இறங்கவில்லை. நயோப்ராரா ஆற்றில் வண்டி அளவு பனிப்பாளங்கள் உடைந்து வந்து மோத, மார்ச் 14 அதிகாலை ஸ்பென்சர் அணை உடைந்தது. ஃப்ரீமான்ட் நகரம் தீவாகியது. ஒமாஹாவுக்குத் தெற்கே ஆஃபட் விமானப்படைத் தளத்தின் ஓடுபாதையில் ஒரு பகுதி மூழ்கியது.

அடித்தள அறை இருக்கும் வீட்டில், தேங்கும் தண்ணீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்ப் ஓடுகிறதா என்று புயலுக்கு முன்பே ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெள்ளச் சேதம் சாதாரண வீட்டு இன்சூரன்ஸில் வராது; தனியாக எடுக்க வேண்டும். எடுத்த நாளிலிருந்து பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அது நடைமுறைக்கு வரும். அதாவது ஏப்ரல் புயலுக்குப் பிப்ரவரியில் யோசிக்க வேண்டும்.

பனிப்புயலுக்குப் பெயர் வைப்பது யார்?

அரசு வைப்பதில்லை. தி வெதர் சேனல் 2012 முதல் தன் பட்டியலில் ஒரு பெயர் வைக்கிறது, நேஷனல் வெதர் சர்வீஸ் அதைப் பயன்படுத்துவதில்லை. கிராண்ட் ஃபோர்க்ஸ் ஹெரால்ட் நாளிதழ் தன் வட்டாரப் பிளிஸர்ட்களுக்கு அகரவரிசையில் பெயரிடும் வழக்கம் அதற்கு முந்தியது. 1997 ஏப்ரலில் வந்தது ஹன்னா, அந்தக் குளிர்காலத்தின் எட்டாவது.

புவி வெப்பமானால் இந்தப் புயல்கள் நின்றுவிடுமா?

நின்றுவிடாது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது பிடித்துவைக்கும் ஈரம் 7 சதவீதம் கூடும். ஒரு புயலில் விழும் தண்ணீர் கூடலாம். அதில் எவ்வளவு பனியாக விழும் என்பது உறைநிலைக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

கடைசியாக: கறிவேப்பிலைச் செடியை எப்போது வெளியே வைக்கலாம்?

கேட்காத வீடே இல்லை. டென்வர் பக்கத்துத் தோட்டக்காரர்கள் அன்னையர் தினத்துக்கு, அதாவது மே இரண்டாவது ஞாயிறுக்கு, முன் தக்காளி நாற்றை மண்ணில் வைக்கமாட்டார்கள். கறிவேப்பிலைக்கு அதுகூடப் போதாது. இரவு வெப்பம் தொடர்ந்து 50 டிகிரிக்குக் கீழே போகாத வாரம் வரட்டும். வந்த பிறகும் நேராக வெயிலில் வைக்காமல் முதலில் வராந்தா நிழலில் ஒரு வாரம் வையுங்கள். தொட்டிக்கு அடியில் சக்கரப் பலகை போட்டுவிடுங்கள், மே மாதத்திலும் ஒரு ராத்திரி உள்ளே தள்ள வேண்டி வரும்.